கணினி வாங்கப் பரிந்துரை கேட்கும் ஐடி நேர்காணல்: தயாராவதற்கு முழுமையான வழிகாட்டி

ஐடி சப்போர்ட், சிஸ்டம் அட்மின், ஐடி கோஆர்டினேட்டர் போன்ற வேலைகளுக்கான நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வர நிறைய வாய்ப்பு உண்டு: "எங்கள் அலுவலகத்தில் 30 பேர். கணினிகள் எல்லாம் பழசு. என்ன வாங்கலாம், சொல்லுங்கள்." சில இடங்களில் வாய்மொழியாகக் கேட்பார்கள். சில இடங்களில் ஒரு தாளைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் ஒரு பக்கப் பரிந்துரை எழுதித் தரச் சொல்வார்கள்.

இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. நீங்கள் எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள் என்பதைத்தான் கேட்பவர் கவனிக்கிறார். தேவை, பயனர் குழு, குறைந்தபட்ச ஸ்பெக், மொத்தச் செலவு, அதற்கு அப்புறம்தான் மாடல் பெயர். தயாரிப்பையும் இதே வரிசையில் செய்யுங்கள். முதல் படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படிகளுக்குக் காரணம் சொல்ல முடியாமல் போகும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை விளம்பரத்தை அச்செடுத்து, அதில் வரும் மென்பொருள், கருவி, சேவைப் பெயர்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு துப்பு. ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) என்று இருந்தால் விண்டோஸ் ஹோம் பதிப்பு அங்கே உதவாது. இன்ட்யூன் என்று இருந்தால் இயந்திரங்களை இணையம் வழியாக நிர்வகிக்கிறார்கள். ஆட்டோகேட், ரெவிட் என்று இருந்தால் சில பேருக்காவது கிராபிக்ஸ் கார்டு உள்ள இயந்திரம் வேண்டும். "பல கிளைகள்" என்று இருந்தால் பழுது பார்க்கும் ஆளை அனுப்புவதே ஒரு செலவு.

அடுத்து, நிறுவனத்தின் தொழில் என்ன என்று பாருங்கள். மருத்துவம், நிதி, சட்டம் என்றால் தரவுப் பாதுகாப்பு முதல் கேள்வியாகிவிடும். கிடங்கு, தொழிற்சாலை என்றால் தூசும் பார்கோடு ஸ்கேனரும் லேபிள் பிரிண்டரும் பேச்சில் வரும்.

மூன்றாவதாக, டெல், ஹெச்பி, லெனோவோ இவற்றின் வணிக மாடல்களில் ஆளுக்கொன்று எடுத்து, அவற்றின் முழு ஸ்பெக் தாளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கம் போதாது. ரேம் கழற்றி மாட்டும் வகையா, எந்த யூஎஸ்பி-சி துளை என்ன செய்யும், வாரண்டி எந்த வகை என்பதெல்லாம் ஸ்பெக் தாளில்தான் இருக்கும்.

2. பதிலுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மாதிரி நேர்காணல் ஒன்றில் ஒருவரிடம் இதே 30 பேர் கேள்வியைப் போட்டேன். யோசிக்காமல் "கோர் ஐ7, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி" என்று ஆரம்பித்தார். "யாருக்கு?" என்று கேட்டேன். "எல்லாருக்கும்." "வரவேற்பறையில் இருப்பவருக்கும்?" அதற்கு மேல் அவரால் நகர முடியவில்லை. அவருக்கு ஹார்டுவேர் நன்றாகவே தெரியும். கேள்வி கேட்காமல் பதில் சொன்னதுதான் அவரைக் கவிழ்த்தது.

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள்.

முதலில் மென்பொருள்: "யார் யார் என்னென்ன மென்பொருள் பயன்படுத்துகிறார்கள்?" பிராசஸர், ரேம், இயங்குதளம் மூன்றையும் முடிவு செய்வது இதுதான். கணக்குப் பிரிவின் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும் என்றால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது இடம்: மேசையிலேயே வேலையா, வெளியே போகிறார்களா, வீட்டிலிருந்தும் வேலையா? லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதை இது தீர்மானிக்கும்.

மூன்றாவது, ஏற்கெனவே இருப்பவை: மானிட்டர், டாக் (லேப்டாப்பை ஒரே கேபிளில் மானிட்டர், விசைப்பலகையோடு இணைக்கும் பெட்டி), பிரிண்டர், ஸ்கேனர். பழைய மானிட்டரில் விஜிஏ துளை மட்டும் இருந்தால் அடாப்டர் செலவு வரும். பழைய லேபிள் பிரிண்டருக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

நான்காவது நிர்வாகம்: இயந்திரங்களை யார், எதைக் கொண்டு நிர்வகிக்கிறார்கள்? ஐடி ஆள் ஒருவர்தானா?

ஐந்தாவதாகத்தான் பட்ஜெட்டும் தேதியும். இதை முதலில் கேட்டால், பணத்துக்கு ஏற்றபடி தேவையை வளைக்கிறவர் என்று தோன்றிவிடும். கேட்காமலே விட்டால் அதைவிட மோசம்.

சில நேர்காணல்களில் "நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். சரி, அப்படியென்றால் ஊகத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்: "அலுவலக மென்பொருள், உலாவி, வீடியோ அழைப்பு இவைதான் பெரும்பாலானவர்களின் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன்." பிறகு அவர்கள் சூழலை மாற்றினாலும் உங்கள் பதில் தவறாகாது. ஊகம் மாறுகிறது, அவ்வளவுதான்.

3. பயனர்களைக் குழுவாகப் பிரிப்பது

30 பேருக்கும் ஒரே இயந்திரம் என்றால் சிலருக்குப் போதாது, சிலருக்கு வீண். ஆளுக்கொரு மாடல் என்றால் டிரைவர், சார்ஜர், உதிரிப் பாகம், பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எல்லாமே ஆளுக்கொரு விதமாகிவிடும். அதனால் மூன்று குழுக்களில் நில்லுங்கள். நான்காவது குழு தேவைப்பட்டால் அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் உதாரணத்தில்: வரவேற்பு, கணக்கு, அலுவலக நிர்வாகம் என்று மேசையில் உட்காருபவர்கள் 14 பேர். விற்பனைக்கு வெளியே போகிறவர்கள் 12 பேர். வரைபடம், வீடியோ வேலை செய்பவர்கள் 4 பேர். முதல் குழுவுக்குச் சிறிய டெஸ்க்டாப், இரண்டாவதுக்கு 14 அங்குல லேப்டாப், மூன்றாவதுக்கு ஒர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைக்கான சக்தி வாய்ந்த கணினி.

பதவியை வைத்துப் பிரிக்காதீர்கள். மேலாளர் என்பதற்காகப் பெரிய இயந்திரம் என்றால், உண்மையில் அது தேவைப்படும் வரைவாளருக்குப் பணம் மிஞ்சாது. ஒருவர் ஒரு நாளில் எதைத் திறந்து வைத்து வேலை செய்கிறார் என்பதே அளவுகோல்.

4. குறைந்தபட்ச ஸ்பெக்: ஒவ்வொன்றுக்கும் காரணம்

தயாரிப்பில் அதிக நேரம் கேட்கும் படி இது. எண்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் "ஏனென்றால்" என்று ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும்.

ரேம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது 4 ஜிபிதான். அது நிறுவுவதற்கான எல்லை, அதில் வேலை பார்க்க முடியாது. உலாவியில் 15 தாவல், ஒரு வீடியோ அழைப்பு, பெரிய எக்செல் கோப்பு, பின்னணியில் ஆன்டிவைரஸ் என்று சேர்ந்தால் 8 ஜிபி திணறத் தொடங்கிவிடும். ஆகவே அலுவலக வேலைக்கு 16 ஜிபி. வரைபடம், வீடியோ, விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்றால் 32 ஜிபியிலிருந்து தொடங்குங்கள். இன்னொன்று: கணக்குப் பிரிவில் எக்செல் மெதுவாக இருக்கிறது என்றால், அது 32 பிட் பதிப்பா என்று கேளுங்கள். 32 பிட் எக்செல் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொடாது. எவ்வளவு ரேம் வாங்கினாலும் அந்தக் குறை தீராது. இந்த ஒரு கேள்வி உங்களுக்கு அனுபவம் இருக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

ஸ்பெக் தாளில் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் அநேகமாக அது மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட ரேம். பிறகு கூட்ட முடியாது. டிடிஆர்5 எஸ்ஓடிஐஎம்எம் என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். முதல் வகையை வாங்கினால், ஐந்தாம் வருடத்துக்கு எவ்வளவு தேவையோ அதை இன்றே வாங்கியாக வேண்டும்.

பிராசஸர். ஐ5, ஐ7 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது. 7ஆம் தலைமுறை ஐ7 பிராசஸர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை. 8ஆம் தலைமுறை ஐ5 இருக்கிறது. பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள்: இன்டெல்லில் யூ என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் மெல்லிய லேப்டாப் வகை, ஹெச் என்றால் அதிக சக்தியும் அதிகச் சூடும். அலுவலக வேலைக்கு அண்மைத் தலைமுறை கோர் 5 அல்லது ரைசன் 5 வகை போதும். ஐ7க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ரேமிலோ வாரண்டியிலோ போட்டால் பயனர் அதை உணர்வார்.

சேமிப்பு. எஸ்எஸ்டி இல்லாத இயந்திரத்தைப் பரிந்துரைக்கவே கூடாது. அளவைப் பொறுத்தவரை 256 ஜிபி போதும் என்று சிலர் சொல்வார்கள், கோப்புகள் சர்வரிலோ கிளவுடிலோ இருந்தால் அது உண்மைதான். ஆனால் அவுட்லுக் உள்ளூரில் சேமித்து வைக்கும் பிரதியும் ஒன்டிரைவ் ஒத்திசைவும் மெல்ல மெல்ல இடத்தைத் தின்னும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கும் காலி இடம் வேண்டும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் 512 ஜிபி என்று சொல்லுங்கள்.

யூஎஸ்பி-சி. எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் ஒன்றல்ல. ஸ்பெக் தாளில் "யூஎஸ்பி-சி, 5 ஜிபிபிஎஸ்" என்று மட்டும் இருந்தால் அது தரவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் டெலிவரி, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இரண்டு சொற்களும் பக்கத்தில் இருந்தால்தான் ஒரே கேபிளில் சார்ஜும் மானிட்டரும் ஓடும். இதைப் பார்க்காமல் லேப்டாப் ஒரு பக்கம், டாக் ஒரு பக்கம் என்று வாங்கினால், வந்து சேர்ந்த நாளில் மானிட்டரில் படம் வராது.

திரை, நெட்வொர்க் இரண்டையும் சுருக்கமாக முடிக்கலாம். திரை 1920 x 1080க்குக் குறையக் கூடாது. வைஃபை 6 போதும். வைஃபை 6இ பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அலுவலகத்தில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்டும் ஆதரித்தால்தான் அதற்குக் கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு. மெல்லிய லேப்டாப்பில் ஈதர்நெட் துளை இருக்காது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

5. விண்டோஸ் பதிப்பும் பாதுகாப்பும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கு இன்று முதல் காரணமாக இதைத்தான் பல நிறுவனங்கள் சொல்கின்றன. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம், ஆனால் அந்தக் கட்டணம் ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பாகும். "இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா?" என்று கேட்டால், ஓட்டலாம், ஆனால் அது மாற்றத்துக்கு அவகாசம் தரும் வழி மட்டுமே என்று பதில் சொல்லலாம்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுவது), ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசஸர் மூன்றும் வேண்டும். இருக்கிற 30 இயந்திரங்களில் எத்தனை இதில் தேறும் என்று முதலில் கணக்கெடுப்பேன் என்று சொல்லுங்கள். சில இயந்திரங்களில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மற்ற இரண்டும் சரியாக இருந்தால் அதை இயக்கிவிட்டால் போதும், அந்த இயந்திரத்துக்குப் புதிது வாங்க வேண்டியதில்லை.

ஹோம் பதிப்பு வேண்டாம், புரோ வேண்டும். ஹோம் பதிப்பை டொமைனில் (ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் கணினிக் குழு) சேர்க்க முடியாது, குரூப் பாலிசியால் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதிகள் போடும் வசதி) நிர்வகிக்க முடியாது, அந்த இயந்திரத்துக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவும் முடியாது. கடையில் வாங்கும் லேப்டாப்புகளில் ஹோம்தான் அதிகம் இருக்கும். மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு புரோவுக்கு மாற்றும் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

விண்டோஸின் டிஸ்க் மறையாக்க வசதியான பிட்லாக்கரைச் சொன்னால் மீட்புச் சாவியையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிஸ்க்கை மறையாக்கம் செய்வேன் என்று நிறுத்தினால் அது பாதி பதில்தான். சாவி ஆக்டிவ் டைரக்டரியிலோ என்ட்ரா ஐடியிலோ (மைக்ரோசாஃப்டின் கிளவுட் பயனர் கணக்குச் சேவை) தானாகச் சேமிக்கப்படும்படி அமைத்தால்தான், மதர்போர்டு மாற்றிய அடுத்த நாள் பயனரின் தரவு பூட்டிக்கொண்டு நிற்காது.

6. வணிக மாடலா, வீட்டு மாடலா

"அதே ஸ்பெக் பாதி விலையில் ஆன்லைனில் கிடைக்கிறதே?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஸ்பெக் ஒன்றாக இருந்தாலும் வாங்குவது ஒன்றல்ல. திங்க்பேட், எலைட்புக், லேட்டிட்யூட் போன்றவை வணிக வரிசை. ஐடியாபேட், பெவிலியன், இன்ஸ்பிரான் வீட்டு வரிசை. டெல் 2025இல் பெயர்களை மாற்றியதால், புதிய வணிக மாடல்கள் டெல் புரோ என்ற பெயரில் வருகின்றன. பழைய பெயரை மட்டும் சொன்னால் நீங்கள் அண்மையில் சந்தையைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

உண்மையான வித்தியாசங்கள் இவை. வணிக மாடல் அதிக காலம் விற்பனையில் இருக்கும், ஆகவே அடுத்த வருடம் ஐந்து பேர் சேர்ந்தாலும் அதே மாடலை வாங்க வாய்ப்புண்டு. உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் கையேடும் கிடைக்கும். மூன்று வருடத்துக்கு, அடுத்த வேலை நாளே ஆள் இடத்துக்கு வந்து சரிசெய்யும் வாரண்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு மாடலில் பெரும்பாலும் ஒரு வருடம்தான், இயந்திரத்தை நாம்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்டெல் விபுரோ, ஏஎம்டி புரோ பற்றிக் கேட்டால்: இயங்குதளம் கெட்டுப்போன நிலையிலும், இயந்திரம் அணைந்திருந்தாலும் கூட, தொலைவிலிருந்து அணுக விபுரோவின் நிர்வாக வசதி உதவும். பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இது பயன்படும். ஒரே தளத்தில் 30 பேர் உட்காரும் அலுவலகத்துக்கு அநேகமாகத் தேவைப்படாது. வசதியைத் தெரிந்து வைத்திருந்தும் வேண்டாம் என்று சொல்வது நல்ல பதில்.

7. மொத்தச் செலவைக் கணக்கிடுவது

இங்கே நாணயம் எதுவும் போடாமல், வெறும் அலகுகளாகக் கணக்குப் போடுகிறேன். எண்கள் முறையை விளக்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் நேர்காணலுக்கு நீங்கள் பார்த்த உண்மையான விலைகளை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

வீட்டு மாடல்: விலை 100. புரோவுக்கு மாற்ற 12. வாரண்டியை மூன்று வருடமாக நீட்ட 18. மொத்தம் 130. வணிக மாடல்: புரோவும் மூன்று வருட ஆன்சைட் (ஆள் இடத்துக்கே வந்து சரிசெய்யும்) வாரண்டியும் சேர்த்து 160.

முதலாவதை மூன்று வருடத்தில் மாற்றி, இரண்டாவதை ஐந்து வருடம் வைத்திருந்தால், வருடத்துக்கு 43 எதிர் 32. வணிக மாடலே மலிவு. பலர் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுவார்கள். ஆனால் கூர்மையானவர் உடனே கேட்பார்: "முதலாவதையும் ஐந்து வருடம் ஓட்டினால்?" அப்போது 26 எதிர் 32. ஐந்து வருடத்தில் ஓர் இயந்திரத்துக்கு 30 அலகு வீட்டு மாடலுக்குச் சாதகம்.

இனி பழுதைச் சேர்க்க வேண்டும். ஒரு ஊழியரின் ஒரு நாள் செலவு 5 அலகு என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் சர்வீஸ் சென்டரில் 7 வேலை நாள் இருந்து, அவர் கை கட்டி உட்கார்ந்திருந்தால் 35 போய்விடும். அந்த 30 லாபம் ஒரே பழுதில் கரைந்தது. ஆனால் 30 இயந்திரமும் பழுதாகப் போவதில்லையே? இரண்டு மாற்று இயந்திரம் கைவசம் இருந்தால் அந்த 7 நாள் அரை நாளாகக் குறைந்துவிடும். ஆக, மாற்று இயந்திரமும் அதைத் தயார் செய்ய ஆளும் உள்ள இடத்தில் வீட்டு மாடல் வெல்லக்கூடும். ஐடி ஆள் ஒருவர்தான், விற்பனைப் பிரதிநிதிகள் வெளியூரில் இருக்கிறார்கள் என்றால் வணிக மாடல் வெல்லும்.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் போட்டுக் காட்டத் தெரிந்தவர் அரிது. ஒரு தாளில் மூன்று நான்கு தடவை போட்டுப் பழகுங்கள். டாக், மானிட்டர், பை, கூடுதல் சார்ஜர், நிறுவும் நேரம், பழையதை அப்புறப்படுத்தும் செலவு இவற்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். புதியவர்கள் அதிகம் மறப்பது டாக்கையும் நிறுவும் நேரத்தையும்தான்.

8. வாங்கிய பிறகு என்ன என்பதையும் சொல்லுங்கள்

பரிந்துரை இயந்திரத்தின் பெயரோடு நின்றுவிடக் கூடாது. முதலில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இயந்திரம் வாங்கி, உண்மையான பயனரிடம் இரண்டு வாரம் கொடுத்துச் சோதிப்பேன் என்று சொல்லுங்கள். பிரிண்டர், விபிஎன், கணக்கு மென்பொருள் எல்லாவற்றின் சிக்கலும் அந்த இரண்டு வாரத்தில் வெளிவந்துவிடும். 30 இயந்திரம் வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்ட்யூன் உள்ள இடம் என்றால், ஆர்டர் போடும்போதே இயந்திரங்களை ஆட்டோபைலட்டில் (புதிய கணினி இணையத்தில் இணைந்ததும் நிறுவன அமைப்புகளைத் தானாகப் பெறும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதிவு செய்து தரும்படி விற்பவரிடம் கேட்பேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பதிவு செய்யும் வேலை மிச்சம்.

பழைய இயந்திரங்களில் உள்ள தரவை அழிப்பது பற்றியும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கை மேலெழுதி அழிக்கும் பழைய முறை எஸ்எஸ்டிக்குச் சரிப்படாது. எழுதும் இடத்தை எஸ்எஸ்டி தானே மாற்றிக்கொண்டே இருப்பதால் சில பகுதிகள் தப்பிவிடும். அதன் சொந்த அழிப்புக் கட்டளையையோ, மறையாக்கச் சாவியை அழிக்கும் முறையையோ பயன்படுத்த வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டு ஆவணம் இதற்கானதுதான்.

மொத்தமாக வாங்குவதா, லீஸா, புதுப்பித்த பழைய இயந்திரமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். லீஸ் செலவை மாதாமாதமாகப் பரப்பும், கால முடிவில் மாற்றவும் கட்டாயப்படுத்தும். புதுப்பித்ததை வாங்கினால் இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேலா, பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டதா, பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பதிவிலிருந்து விடுவிக்கப்பட்டதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பார்க்காமல் வாங்கினால், புதிதாக விண்டோஸ் போட்டாலும் பழைய நிறுவனத்தின் நுழைவுப் பக்கம்தான் வந்து நிற்கும்.

9. பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது

மனதுக்குள் தெளிவாக இருப்பது வாயில் வரும்போது குழம்பும். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் ஸ்பெக் பகுதியைக் குறையுங்கள், கேள்விகளையும் காரணங்களையும் குறைக்காதீர்கள். கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு பதில் இப்படிப் போகலாம்:

"சார், நீங்கள் சொன்னதை வைத்து மூன்று குழுவாகப் பிரிக்கிறேன். மேசையில் இருக்கும் 14 பேருக்குச் சிறிய டெஸ்க்டாப், 16 ஜிபி ரேம். இருக்கிற மானிட்டர்களையே வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும் 12 பேருக்கு வணிக வரிசை 14 அங்குல லேப்டாப், ஆன்சைட் வாரண்டியோடு. அவர்கள் இயந்திரம் நின்றால் விற்பனை நின்றுவிடும், அதனால் வாரண்டிக்குப் பணம் போடுகிறேன். வரைபட வேலை செய்யும் 4 பேருக்கு, அவர்கள் மென்பொருள் நிறுவனம் சான்றளித்த இயந்திரங்களின் பட்டியலைப் பார்த்து ஒர்க்ஸ்டேஷன். மாற்றாக லேப்டாப் ஒன்று, டெஸ்க்டாப் ஒன்று கூடுதலாக வாங்குவேன். குழுவுக்கு ஒன்று முதலில் வாங்கி, இரண்டு வாரம் சோதித்துவிட்டு மீதியை ஆர்டர் போடலாம். பட்ஜெட் இடிக்கும் என்றால் டெஸ்க்டாப்புகளில் விண்டோஸ் 11 தேறும் பழையவற்றை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். லேப்டாப்புகளைத் தள்ளக் கூடாது என்பது என் கருத்து."

இதில் மாடல் பெயரே வரவில்லை. "எந்த மாடல்?" என்று கேட்டால் அப்போது இரண்டு சொல்லுங்கள், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து. ஒன்றை மட்டும் சொன்னால் பிராண்ட் பற்று போலத் தெரியும். கடைசி வரியில் உங்கள் கருத்து இருப்பதும் முக்கியம். எல்லாவற்றுக்கும் "உங்கள் விருப்பம்தான்" என்றால் பரிந்துரை கேட்டதற்கு அர்த்தமில்லை.

10. குறுக்குக் கேள்விகள்

"பட்ஜெட்டைப் பாதியாக்கிவிட்டோம்." எல்லாருக்கும் ஸ்பெக்கைக் குறைப்பது தவறான பதில். ஆதரவு முடிந்த இயந்திரங்களையும் வெளியே போகிறவர்களையும் முதல் கட்டமாக எடுத்து, மற்றவர்களை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள். மோசமான 30 இயந்திரத்தை ஐந்து வருடம் சுமப்பதைவிட, நல்ல 15 இயந்திரமும் ஒரு திட்டமும் மேல்.

"இயக்குநர் மேக்தான் வேண்டும் என்கிறார்." மறுக்க வேண்டியதில்லை. அவர் பயன்படுத்தும் மென்பொருள் மேக்கில் ஓடுமா, நிர்வாகக் கருவி மேக்கை ஆதரிக்குமா, அவர் மேசையில் இரண்டு மானிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் ஒரு வெளி மானிட்டரை மட்டுமே நேரடியாக ஆதரிக்கும். ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கானில் பூட் கேம்ப் (மேக்கில் விண்டோஸ் நிறுவ உதவும் வசதி) இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

"ஏஐ பிசி வாங்கலாமா?" மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு 40 டாப்ஸ் (வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடு) வேகமுள்ள என்பியு (ஏஐ வேலைக்கான தனிப் பிராசஸர்), 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு வேண்டும். உங்கள் ஊழியர்கள் பயன்படுத்தப்போகும் எந்த மென்பொருள் அந்த என்பியுவைத் தொடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். சாதாரணமாக வாங்கும் மாடலிலேயே இருந்தால் வரட்டும்.

"ஆர்ம் பிராசஸர் லேப்டாப்பில் பேட்டரி நன்றாக நிற்கிறதே?" நிற்கிறது, உண்மைதான். இன்டெல், ஏஎம்டி வகைக்கு எழுதிய சாதாரண மென்பொருள் பெரும்பாலும் எமுலேஷனில் (அதை ஆர்முக்கு மொழிபெயர்த்து ஓட்டும் முறை) ஓடிவிடும். ஆனால் டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். விபிஎன், ஆன்டிவைரஸ், பழைய பிரிண்டர் மூன்றையும் சோதிக்காமல் 12 வாங்கக் கூடாது.

தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டு எங்கே பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: மென்பொருள் நிறுவனத்தின் தேவைப் பட்டியல், இயந்திரத்தின் ஸ்பெக் தாள், ஒரு சோதனை இயந்திரம். ஊகித்துச் சொல்லி மாட்டிக்கொண்டால் அதற்கு முன் சொன்ன சரியான பதில்களின் மேலும் சந்தேகம் விழும்.

11. முந்தின நாளும் அன்றும்

முந்தின நாள் புதிதாக எதையும் படிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் கேள்வி வரிசை, மூன்று குழுவின் ஸ்பெக், செலவுக் கணக்கின் மாதிரி, இரண்டு மாடல் பெயர்கள், இவற்றை மட்டும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிப் பார்க்கும்போதே எந்த வரிக்குக் காரணம் தெரியவில்லை என்பது அகப்பட்டுவிடும். அந்த மாடல்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நேர்காணலுக்கு ஒரு சிறு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவர்கள் சூழலைச் சொல்லும்போது ஆள் எண்ணிக்கை, மென்பொருள், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பதிலில் "எத்தனை பேர் என்று சொன்னீர்கள்?" என்று மறுபடி கேட்க வேண்டி வராது.

கடைசியில் "உங்களுக்குக் கேள்வி ஏதாவது?" என்பார்கள். "இப்போது இயந்திரங்களை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், அந்த முடிவை யார் எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். "கெட்டுப்போனால் மாற்றுவோம்" என்ற பதில் வந்தால், அந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம் உங்கள் கையில் இருக்கப்போவது இயந்திரக் கணக்கெடுப்புதான் என்று தெரிந்துகொள்ளலாம்.